நோயாளி சாப்பிடவில்லை

குருவிப்பாறைப்பட்டி
(எரியோடு வழி)
3-8-86

அன்புள்ள தம்பி கண்ணனுக்கு,

வீரலட்சுமி அக்கா எழுதுவது. இங்கே நானும் உன் மச்சானும் மாடு இரண்டும் சுகம். உன் உடம்பு எப்படி? பழனியில் இருக்கிற சாக்கில் பஞ்சாமிர்தமாகத் தின்று நீயும் சர்க்கரையை வரவழைத்துக்கொள்ளாதே. ஒரு வீட்டுக்கு ஒரு நோயாளி போதும்.

ஊசி ஆரம்பித்து நாலு மாதமாகிவிட்டது. காலை ஏழு மணிக்கு எங்கள் ஊர் தர்ம ஆஸ்பத்திரியில் போய் நிற்கிறேன். சர்க்கரைக்காரர்கள் மொத்தம் பதினொரு பேர். ஊசி போட்டதும் எல்லோரும் ஆஸ்பத்திரிப் படியிலேயே உட்கார்ந்து அவரவர் தூக்குவாளியைத் திறந்துவிடுவோம். பார்க்கிறவர்கள் பந்தி என்று நினைப்பார்கள். அதை முடித்துவிட்டு சத்துணவுக் கூடத்துக்குப் போய் அரிசி அளந்து கொடுத்தால் என் உத்தியோகம் ஆரம்பம்.

நீ கடிதத்தில் சொல்லித் தந்தபடி ஊசிக் குழாயில் கோடு எண்ணுகிறேன். இருபது கோடு வந்தால்தான் கையை நீட்டுவேன். சுந்தரம்மாள் சிஸ்டருக்கு இது பிடிக்கவில்லை. "ஏம்மா, நான் என்ன கள்ளத் தராசா வச்சிருக்கேன்?" என்கிறாள். நான் சிரித்துக்கொண்டே எண்ணுகிறேன். கம்பவுண்டர் தம்பி இருந்தும் எண்ணத் தெரியாமல் இருந்தால் உனக்குத்தானே அவமானம்.

ஒண்ணுக்கில் சர்க்கரை பார்க்கிற நீல மருந்து வேண்டும் என்று போன தடவையே எழுதினேன். ஆடிக்கும் நீ வரவில்லை. இரண்டு வருஷமாக எந்த நல்ல நாளுக்கும் வரவில்லை. அப்படி என்ன வேலையோ.

நேரத்துக்குத் தூங்கு.

உன் அக்கா,
வீரலட்சுமி

*

பழனி
14-8-86

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். மச்சானைக் கேட்டதாகச் சொல்.

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து திண்டுக்கல்லுக்குக் காய்கறி லாரி ஓட்டும் முகமது பாரூக்கிடம் நீல மருந்து ஒரு பாட்டிலும் கண்ணாடிக் குழாய் மூன்றும் கொடுத்திருக்கிறேன். அவர் எரியோடு கடையில் வைத்துவிடுவார். குழாயில் அஞ்சு மில்லி மருந்து ஊற்றி, எட்டுச் சொட்டு ஒண்ணுக்கு விட்டுக் கொதிக்க வை. நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள் என்று ஏறும். செங்கல் நிறம் வந்தால் மிக அதிகம். நிறத்தையும் சாப்பிட்டதையும் ஒரு நோட்டில் எழுதி வா.

கோடு எண்ணுவதை விடாதே. ஆனால் சிஸ்டரைக் கோபப்படுத்தாமல் எண்ணு.

லீவு கிடைக்கவில்லை.

அன்புள்ள தம்பி,
கமலக்கண்ணன்

*

குருவிப்பாறைப்பட்டி
11-9-86

அன்புள்ள கண்ணனுக்கு,

இப்போது சுகமாக இருக்கிறேன். அதை முதலில் எழுதிவிட்டேன். இனிமேல் பதறாமல் படி.

போன திங்கட்கிழமை ஊசி போட்டு, படியில் உட்கார்ந்து நாலு இட்லி தின்றேன். சத்துணவுக் கூடத்துக்குப் போய் அரைமணி இருக்கும். வேர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது. அளக்கிற படியை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. அப்புறம் எனக்கு ஒன்றும் தெரியாது. சமையல்காரி பேச்சாயி சொல்லித்தான் மிச்சம். அடுப்புக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தேனாம். கொதிக்கிற உலை. அவள் என் வாயைத் திறந்து வெல்லத் தூளை ஈறில் தேய்த்திருக்கிறாள். "அக்கா வெல்லத்தக் கடிக்கலன்னா எங் கைய கடிச்சிருக்கும்"னு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். அவள்தான் என்னைப் பிழைக்க வைத்தவள்.

அன்றைக்கே தையல்காரர் முத்துச்சாமி அண்ணனும் பஸ் நிறுத்தத்தில் விழுந்தார். அவருக்கும் அதே வேர்வை, அதே நடுக்கம்.

மறுநாள் டாக்டரிடம் போனேன். அவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் சீட்டில் எழுதினார். பேச்சாயிக்குப் படிக்கத் தெரியாது, எனக்குத் தெரியும் அல்லவா? 'நோயாளி சாப்பிடவில்லை' என்று எழுதியிருக்கிறார். முத்துச்சாமி அண்ணன் சீட்டிலும் அதே வரி.

நாலு இட்லி தின்றேன் கண்ணா. தேங்காய்ச் சட்னியோடு. பத்துப் பேர் பார்த்தார்கள். என் நோட்டிலும் எழுதியிருக்கிறேன். ஏன் விழுந்தேன் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் பட்டினியால் விழவில்லை.

நீ கவலைப்பட்டு உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

அக்கா,
வீரலட்சுமி

*

பழனி
15-9-86

அக்கா,

உன் கடிதம் இன்று காலை வந்தது. உடனே எழுதுகிறேன்.

ஊசி மருந்து பாட்டிலைப் பார். அதில் 40 என்று இருக்கிறதா, 80 என்று இருக்கிறதா? மூடியின் நிறம் மாறியிருக்கிறதா? ஊசி போட்டு எத்தனை நிமிஷத்தில் விழுந்தாய்? எத்தனை நிமிஷத்தில் எழுந்தாய்?

80 என்றால் மருந்து இரண்டு பங்கு காரம். இருபது யூனிட்டுக்குப் பத்துக் கோடுதான் எடுக்க வேண்டும். பழையபடி இருபது கோடு எடுத்தால் இரட்டிப்பாக உடம்பில் ஏறிவிடும். அப்புறம் இட்லி தின்றாலும் தாங்காது.

மடியில் எப்போதும் வெல்லம் வைத்துக்கொள். பாட்டிலைப் பார்க்காமல் கையை நீட்டாதே.

படித்ததும் இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடு.

கண்ணன்

*

குருவிப்பாறைப்பட்டி
22-9-86

அன்புள்ள கண்ணனுக்கு,

மடியில் வெல்லத்தோடும் எறும்போடும் சுகமாக இருக்கிறேன். நீயும் சுகம் என்று எழுதியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். போன கடிதத்தில் அந்த ஒரு சொல்லைக்கூட எழுத மறந்திருக்கிறாய்.

80தான். நான் விழுந்த திங்கட்கிழமைதான் மதுரையிலிருந்து புதுச் சரக்கு வந்து முதல் பாட்டிலைத் திறந்திருக்கிறார்கள். அன்றைக்குக் கடைசியாக நின்ற எனக்கும் முத்துச்சாமி அண்ணனுக்கும் அதிலிருந்து எடுத்திருக்கிறார்கள். மற்றவர்களுக்குப் பழைய பாட்டில். அலமாரியில் இன்னும் பழைய சரக்கு கிடந்ததால் மறுநாளிலிருந்து எல்லோருக்கும் அதுவே ஓடியிருக்கிறது.

எதைத் தாங்க முடியவில்லை தெரியுமா? அன்றைக்கும் நான் கோடு எண்ணினேன். சிஸ்டர் கொஞ்சம் குறைவாக எடுத்ததுபோல் இருந்தது. "இன்னும் ஒரு கோடு விடு சிஸ்டர், இருபது வரல்ல" என்று நானே சொல்லி நிரப்ப வைத்தேன். என் வினையை நானே எண்ணி வாங்கிக்கொண்டேன். எண்ணத் தெரியும் என்ற திமிர்.

சிஸ்டரிடம் பாட்டிலைக் காட்டினேன். அவள் முகம் செத்துப்போய்விட்டது. நல்லவள்தான், வேண்டும் என்று செய்யவில்லை. "எங்கிட்ட யாரும் சொல்லலியேம்மா" என்று அழுதாள். டாக்டரிடம் போனேன். அவர் பாட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இதெல்லாம் உங்களுக்கு எதுக்கு? எழுதப் படிக்கத் தெரியாத ஜனம் இருக்கிற ஊர். பீதியைக் கிளப்பாதீங்க" என்றார். எழுதப் படிக்கத் தெரியாத ஜனமா சரக்கைப் பார்க்காமல் பிரித்தது என்று கேட்டேன். வெளியே போகச் சொல்லிவிட்டார்.

அந்த வரியை அவர் அடித்தே ஆகவேண்டும். அதற்குப் பக்கத்தில் எண்பது என்று எழுதவேண்டும். அதுவரை விடமாட்டேன்.

உன் கடிதத்தை நான் கிழிக்கவில்லை. ஒன்று கேட்கிறேன். பாட்டிலைப் பார்க்காமலே, பழனியில் உட்கார்ந்தபடி, இம்புட்டுச் சுருக்கில் எப்படிக் கண்டுபிடித்தாய்?

அக்கா,
வீரலட்சுமி

*

பழனி
20-10-86

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். வேலை அதிகம், அதனால் பதில் தாமதம்.

80 பாட்டிலுக்குப் பத்துக் கோடு என்று சிஸ்டருக்குத் தெரிந்துவிட்டது அல்லவா? இனி பயமில்லை. டாக்டரோடு மல்லுக்கு நிற்காதே. அவர் ஊசியை நிறுத்தினால் நீ தினமும் திண்டுக்கல்லுக்கு பஸ் ஏற வேண்டும். எல்லா ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான் எழுதுவார்கள். ஒரு வரிதானே.

தீபாவளிக்கு வர இயலாது.

தம்பி,
கமலக்கண்ணன்

*

குருவிப்பாறைப்பட்டி
28-10-86

கண்ணனுக்கு,

சுகம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன், சாப்பிட்டாயா?

ஒரு வரிதானே என்று எழுதியிருக்கிறாய். அந்த ஒரு வரி என்ன செய்தது கேள். யூனியன் ஆபீஸிலிருந்து ஒருவர் வந்தார். சத்துணவு அமைப்பாளர் பட்டினி கிடந்து மயங்கி விழுந்ததாக ஆஸ்பத்திரிச் சீட்டே சொல்கிறது, தன்னையே கவனிக்கத் தெரியாதவர் நூற்றுப்பத்துப் பிள்ளைகளை எப்படிக் கவனிப்பார் என்று விளக்கம் கேட்டிருக்கிறார்கள். மாத முடிவுக்குள் எழுதித் தரவேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆளாம். டீக்கடையில் உன் மச்சானைப் பார்த்து, "என்னப்பு, பொண்டாட்டிக்குச் சோறு போடுறதில்லையா?" என்கிறார்கள். அவர் இரண்டு நாளாக டீக்கடைப் பக்கம் போகவில்லை. அவர்கள் கை தவறியதற்கு என் வாயில் பழி. ஒரு வரிதான்.

நான் சும்மா இருக்கவில்லை. படியில் பந்தி நடக்கிறதே, அங்கேயே பேசினேன். இனி யாரும் பாட்டிலைப் பார்த்து நம்பரைச் சொல்லாமல் கையை நீட்டக்கூடாது என்றேன். "எனக்கு எழுத்துத் தெரியாதே தாயி" என்றார்கள் ஏழு பேர். எரியோட்டுக்கு எந்த பஸ் என்று கேட்டேன். "நாலாம் நம்பரு" என்றார்கள். ரயிலடிக்கு? "எட்டு." நம்பர் பார்த்து பஸ் ஏறுகிறவர்களுக்கு நம்பர் பார்த்து ஊசி போட்டுக்கொள்ள முடியாதா? 40க்கு முன்னால் நிற்பது நாலு, 80க்கு எட்டு; எனக்கு நாலு என்றால் இருபது கோடு, எட்டு என்றால் பத்துக் கோடு. மற்றவர்களுக்கும் அவரவர் அளவுக்கு, கோட்டுக்கு ஒரு முடிச்சு என்று நூலில் போட்டுக் கொடுத்தேன். முத்துச்சாமி அண்ணன்தான் நூல் தந்தார். நாலுக்குச் சிவப்பு நூல், எட்டுக்குப் பச்சை நூல்.

இப்போது ஊசி போடும் அறையில் ஒரே சத்தம். "எட்டு! எனக்குப் பதிமூணு முடிச்சு!" என்று ஒவ்வொருவரும் கூவுகிறார்கள். சிஸ்டர் இரண்டு நாள் முறைத்தாள். மூன்றாம் நாள் அவளே பாட்டிலைத் தூக்கிக் காட்டி, "சொல்லுங்க பாப்பம்" என்கிறாள்.

டாக்டருக்குத்தான் பொறுக்கவில்லை. தன்மேல் நம்பிக்கை இல்லாதவர்களுக்கு இங்கே ஊசி இல்லை என்று நேற்று என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார். என்னை மட்டும்.

நான் திண்டுக்கல்லுக்கு பஸ் ஏறமாட்டேன்.

வீரலட்சுமி

*

குருவிப்பாறைப்பட்டி
9-11-86

அன்புள்ள கண்ணனுக்கு,

நீ பதில் போடவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? எனக்குச் சுகம். உன் மச்சான் மறுபடி டீக்கடைக்குப் போகிறார்.

ஊசி இல்லாத மூன்று நாளும் உன் நீல மருந்தைக் கொதிக்க வைத்தேன். முதல் நாள் பச்சை. இரண்டாம் நாள் மஞ்சள். மூன்றாம் நாள் செங்கல். மூன்று குழாயையும் கழுவாமல், ஒவ்வொன்றிலும் தேதி ஒட்டி, பேச்சாயியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு டாக்டர் மேஜைமேல் வரிசையாக வைத்தேன். அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

"என்னம்மா இது?"

"நீங்க ஊசி போடாத மூணு நாளுங்கய்யா. நாலாவதா வைக்கக் குழாய் இல்ல, நாந்தான் இருக்கேன்" என்றேன்.

நிற்க முடியவில்லை, நாக்கு வறண்டு ஒட்டிக்கொண்டது. பயமாகத்தான் இருந்தது கண்ணா, உன்னிடம் சொல்வதற்கென்ன. வெளியே எட்டிப் பார்த்தால் பத்துப் பேரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். சிஸ்டர் ஊசியோடு காத்திருக்கிறாள். ஒருவரும் கையை நீட்டவில்லை. முத்துச்சாமி அண்ணன், "அந்தம்மாவுக்குப் போட்டுட்டு வாங்க, செத்த நேரம் நிக்கோம்" என்றார்.

சிஸ்டர் உள்ளே வந்தாள். "சார், அன்னைக்கு ரெண்டு பேரும் சாப்பிட்டாங்க. நான் பார்த்தேன். பாட்டில் மாறினது எனக்குத் தெரியல. என்மேல எழுதுங்க" என்றாள். அவளுக்கு வேலை போனால் போகட்டும் என்று சொன்ன வார்த்தை அது. டாக்டர் மூன்று குழாயையும் ஓரமாகத் தள்ளினார். அப்புறம் பேனாவை எடுத்தார். இரண்டு சீட்டிலும் அந்த வரியை அடித்து, '80 பாட்டில், அளவு மாற்றப்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, எனக்கு ஊசி போடச் சொன்னார். சிஸ்டர் பேரை எழுதவில்லை. அந்த மட்டில் மனுஷர்தான். யூனியன் ஆபீஸுக்குச் சீட்டைக் காட்டிவிட்டேன். என் வேலைக்கு ஆபத்தில்லை.

இதைக் கேட்டால் நீ துள்ளுவாய் என்று நினைத்து, நேற்று எரியோட்டில் லாரியை நிறுத்திய பாரூக் பாயிடம் கதையாகச் சொன்னேன். அவர் துள்ளவில்லை. "ரெண்டு வருசம் முன்னாடி உங்க தம்பி ஆஸ்பத்திரியிலயும் ஒருத்தர் இப்படித்தாங்க்கா விழுந்தாரு. குதிரை வண்டிக்காரர் மலைச்சாமி. எந்திரிக்கவே இல்ல" என்றார்.

அவர் சீட்டில் என்ன எழுதியிருந்தது கண்ணா? எழுதியது யார்?

அக்கா,
வீரலட்சுமி

*

பழனி
2-1-87

அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை ஏழு தடவை ஆரம்பித்தேன்.

1984 சித்திரையில் எங்களுக்கு 80 பாட்டில் வந்தது. மலைச்சாமிக்கு ஊசி போட்டவன் நான். பழைய கோடு வரை எடுத்தேன். அடிவாரத்தில் வண்டியிலிருந்து விழுந்தார். தூக்கிக்கொண்டு வரும்போது மூச்சில்லை. டாக்டர், "சாப்பிட்டாரா?" என்று என்னைக் கேட்டார். அப்போதுதான் என் கண் மேஜைமேல் இருந்த பாட்டிலில் விழுந்தது. இல்லை போலிருக்கிறது சார் என்றேன். அந்த வரியை எழுதிய கை என்னுடையது. டாக்டர் கையெழுத்து மட்டும் போட்டார்.

அதற்கப்புறம் வீட்டுக்கு வந்து உன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. உனக்கும் சர்க்கரை என்று தெரிந்ததும் பயந்து கோடு எண்ணச் சொல்லித் தந்தேன். பாட்டிலைப் பார் என்று சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பாய். நீ கேட்காமல் விடுகிற ஆளா? ஒரு கேள்விக்குப் பயந்து உன்னை அடுப்பங்கரையில் விழவைத்தேன்.

நீ விழுந்ததும் என்னால்தான்.

கண்ணன்

*

குருவிப்பாறைப்பட்டி
7-1-87

அன்புள்ள கண்ணனுக்கு,

நான் சுகம். உயிரோடு இருக்கிறேன், இன்றைக்குக்கூட "எட்டு" என்று கத்திவிட்டுத்தான் ஊசி போட்டுக்கொண்டேன். அதனால் என்னை நினைத்து அழாதே.

உன் கடிதத்தைப் படித்து எனக்குக் கோபம் வந்தது. அழுகையும் வந்தது. இரண்டையும் முடித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். சுந்தரம்மாள் சிஸ்டர் ஒரு நிமிஷத்தில் சொன்னதை நீ இரண்டே முக்கால் வருஷமாகச் சொல்லவில்லை. எனக்கு எழுதிவிட்டால் தீர்ந்ததா? நான் நாலு இட்லி தின்றதை நானே போய்ச் சொன்னேன். அந்த மனுஷன் வந்து சொல்லமுடியாது.

அவர் வீட்டுக்குப் போ. உன் டாக்டரிடமும் சொல். வேலை போனால் இங்கே வா, கஞ்சி இருக்கிறது. போகாமல் வராதே.

அக்கா,
வீரலட்சுமி

*

பழனி
30-1-87

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? நான் இருக்கிறேன்.

திங்கட்கிழமை டாக்டரிடம் சொன்னேன். எழுத்தில் கேட்டார், எழுதிக் கொடுத்தேன். பழைய ரிஜிஸ்டரை எடுத்து அந்த வரியை அடித்து 80 என்று எழுதினேன். என்னை என்ன செய்வதென்று ஆஸ்பத்திரிக் கமிட்டி கூடி முடிவு செய்யுமாம். அதுவரை ஊசி அறைக்குள் எனக்கு வேலையில்லை. வெளியே வரிசையில் நிற்பவர்களுக்கு நம்பர் சொல்லித் தருகிறேன். இங்கேயும் நூல் வாங்கியிருக்கிறேன்.

நேற்று மலைச்சாமி வீட்டுக்குப் போனேன். தைப்பூசத்துக்குப் பாதயாத்திரைக்காரர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள். அவர் மனைவி முத்துப்பேச்சி வாசலில் குதிரைக்குப் புல் கட்டிக்கொண்டிருந்தார். வண்டியை இப்போது மலைச்சாமியின் தம்பி ஓட்டுகிறாராம். நான் நின்றபடியே சொன்னேன். பாட்டில், கோடு, நான் எழுதிய வரி எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவார், அடிப்பார் என்று நினைத்தேன்.

அவர் புல்லைக் கீழே வைத்தார். "ஏனுங்க, அப்ப அவரு சாப்பிட்டாருன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?" என்று கேட்டார்.

விசாரிக்கவே இல்லை என்றேன்.

"வண்டி ஸ்டாண்டுக்கே கொண்டாந்து குடுத்தேனுங்க. ராகிக் களி, ரெண்டு உருண்டை. எம் முன்னாலதான் தின்னாரு. ஆசுபத்திரியில சாப்பிடலைன்னு எழுதிட்டாங்க. நேரத்துக்குச் சோறு கொண்டுபோகாம மகனைக் கொன்னுட்டேன்னு எங்க மாமியா அன்னைக்கிருந்து எங்கையால ஒரு வாய் தண்ணி வாங்கிக் குடிக்கலீங்க. தின்னாருன்னு சொல்லிச் சொல்லி ஓஞ்சு போச்சுங்க. கடைசில எனக்கே சந்தேகமாப் போச்சு."

பிறகு என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனார். "இப்பச் சொன்னதை அங்க சொல்லுங்க" என்றார். உள்ளே சுவரோரம் மாமியார் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தனியாக ஒரு செம்பு. நான் மறுபடி முதலிலிருந்து சொன்னேன். அந்த அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. நான் முடித்ததும், தன் செம்பை மருமகள் பக்கம் தள்ளி, "தண்ணி கொண்டா புள்ள" என்றார்.

முத்துப்பேச்சி மொண்டு கொடுத்தார். அந்த அம்மா முழுச் செம்பையும் குடித்தார். எனக்கு யாரும் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

பூசம் கழிந்து ஊருக்கு வருகிறேன்.

உன் தம்பி,
கண்ணன்